ஊர்ப் பெயர் இல்லாத சிலுவை

மாசித் திங்களில், மகா சிவராத்திரியை அடுத்து, மேல்மலையனூருக்குச் செல்லும் சாலைகள் நிரம்பி வழிவதை நம் மாவட்டத்தார் அனைவரும் அறிவர். அங்காளம்மன் கோயிலின் மயானக் கொள்ளையில், தம் நிலத்தில் விளைந்த தானியத்தையும் காய்கறிகளையும் மக்கள் சுடுகாட்டுக்கே எடுத்துச் சென்று இறைக்கின்றனர். அவர்தம் நம்பிக்கையை ஆராய்வது நம் நோக்கமன்று. ஆயினும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மயானம் அவர்களுக்கு ஊருக்குப் புறம்பானதே தவிர உறவுக்குப் புறம்பானதன்று.

கத்தோலிக்கராகிய நாமும் நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைத் தோட்டத்திற்குச் செல்கிறோம். சுண்ணாம்பு பூசுகிறோம், சாமந்தி மாலை சூட்டுகிறோம், மெழுகுவர்த்தி ஏற்றி, குருவானவர் வந்து மந்திரிக்கும்வரை காத்து நிற்கிறோம். இவை யாவும் நல்லனவே. ஆனால் அன்று நாம் உண்மையிலேயே மதிப்பது நம் பெற்றோரையா, அல்லது அவர்கள்மேல் நாம் எழுப்பிய பளிங்குக் கற்களையா? இவ்வினாவை எழுப்ப நமக்குத் தகுதி இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஏன் இல்லை என்பதையும் மறைக்கப் போவதில்லை.

ஈழத்திலிருந்து வந்தோரின் முகாம்கள் நம் மாவட்டத்திற்குப் புதியவையல்ல. கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய கீழ்புத்துப்பட்டு முகாமைப் பலர் கண்டிருப்பீர்கள். நாம் முன்னர்ப் பணியாற்றிய பங்கு ஒன்றின் எல்லைக்குள்ளும் இத்தகைய முகாம் இருந்தது. அங்கே வாழ்ந்த ஒரு தாய்க்கு மாதந்தோறும் நற்கருணை கொண்டு செல்வோம். மன்னார்த் தீவின் பேசாலை அவர் பிறந்த ஊர். 1990-இல் போர் மீண்டும் வெடித்தபோது, கைக்குழந்தையுடன் படகேறி, நடுக்கடல் மணல்திட்டு ஒன்றில் இறக்கிவிடப்பட்டு, ஓர் இரவும் ஒரு பகலும் நீரின்றிக் கிடந்து இராமேசுவரம் சேர்ந்தவர். நற்கருணை பெற்றபின் அவர் பேசுவதெல்லாம் பேசாலை வெற்றி அன்னை ஆலயத்தைப் பற்றித்தான். 2006 ஜூன் மாதம் அவ்வாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த மக்கள்மீது தாக்குதல் நடந்த செய்தி வந்தபோது, மூன்று நாள் அவர் உணவு கொள்ளவில்லை.

அவர் இறந்தார். அடக்கத்திற்குப்பின் அவருடைய மகன் நம்மிடம் வந்தார். முகாமிலேயே பிறந்தவர், படித்தவர், அமைதியானவர். "சாமி, சிலுவையில் அம்மாவின் பெயரும் தேதியும் போதும். ஊர்ப் பெயர் வேண்டாம். நாளைக்கு என் பிள்ளைக்குச் சம்பந்தம் பேச வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டுக் கேள்வி கேட்பார்கள்" என்றார். நாம் மறுப்பேதும் சொல்லவில்லை. 'நியாயந்தான்' என்றோம். அன்று மாலை பங்கின் மரணப் பதிவேட்டைத் திறந்தோம். 'ஊர்' என்னும் கட்டத்தில் 'அகதிகள் முகாம்' என்று நம் கையாலேயே எழுதினோம். ஆண்டுக்கணக்கில் பேசாலையைப் பற்றியே பேசிய ஒருவருக்கு, திருச்சபையின் ஏட்டில் நாம் அளித்த ஊர் அது!

மகன் ஏன் அஞ்சினார்? அந்த அச்சத்தை அவருக்கு ஊட்டியவர்கள் நாம். இந்நாட்டில் பிறந்தும் அவர் இந்நாட்டின் குடிமகன் அல்லர். 1987 ஜூலை முதல் நாளுக்குப்பின் பிறந்தோர்க்குப் பெற்றோருள் ஒருவரேனும் இந்தியக் குடிமகனாய் இருந்தாக வேண்டும் என்கிறது சட்டம். 2019-ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று அண்டை நாடுகளைப் பெயர் சொல்லி அழைத்தது, இலங்கையை அழைக்கவில்லை. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்பதை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என மாற்றியது. வீடுகள் கட்டவும் நிதி ஒதுக்கியது. வரவேற்கிறோம். ஆனால் பலகையில் மாறிய சொல் நம் நாவில் மாறிற்றா? 'முகாம்காரர்கள்' என்று நம் பங்குப் பேரவைக் கூட்டத்திலேயே சொல்கிறோம். திருவிழாத் தேருக்கு வரி கேட்கும்போது அவர்கள் பங்கு மக்கள். கல்லறைத் தோட்டத்தில் குழி கேட்கும்போது அவர்கள் வெளியூரார்! இத்தகைய நம்மிடையே வாழ்கின்றவர் தம் தாயின் ஊரை மறைத்தால் வியப்பென்ன?

ஆயினும் பிள்ளைகளிடமும் நாம் பேசியாக வேண்டும். அன்பர்களே, உங்கள் அச்சம் நியாயமானது; ஆனால் அந்த அச்சத்தின் விலையை உங்கள் பெற்றோரா செலுத்த வேண்டும்? கனடாவிலும் பிரான்சிலும் இலண்டனிலும் வாழும் உங்கள் உறவினர் வெளியிடும் மரண அறிவித்தலைப் பாருங்கள். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்டவர் என்றுதானே அது தொடங்குகிறது? 31-ஆம் நாள் நினைவு நூல் வெளியிட்டு, அதற்குக் 'கல்வெட்டு' என்றே பெயரிட்டு, இறந்தவரின் ஊரையும் வழியையும் அதில் பொறித்துவைக்கும் மரபு ஈழத்தாருடையதன்றோ? வீட்டை விட்டும் நிலத்தை விட்டும் வந்தவர்கள், ஊர்ப் பெயர் ஒன்றைத்தான் கடல் கடந்து கொண்டுவந்தார்கள். அதையும் நாம் குழிக்குள் இட்டு மூடினால் எஞ்சுவது என்ன?

'தாய் தந்தையை மதித்து நட' என்னும் கட்டளை அவர்கள் இறந்ததும் முடிந்துவிடுவதில்லை. கடவுளுக்குக் காணிக்கை என்று சொல்லிப் பெற்றோருக்குரியதைக் கொடாது விட்டவர்களை ஆண்டவர் எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார் என்பதை மாற்கு நற்செய்தி ஏழாம் அதிகாரத்தில் காண்க. பெற்றோருக்குரிய பெயரையும் வரலாற்றையும் கொடாது விட்டு, முப்பதாம் நாளில் ஐந்நூறு பேருக்கு விருந்து வைப்பதும் அத்தகைய காணிக்கையே. இது முகாமில் வாழ்வோருக்கு மட்டுமன்று. ஊரறியக் கருங்கல் கல்லறை எழுப்பும் நம் எல்லாருக்கும் பொருந்தும்.

'பழந்துயரை ஏன் பிள்ளைகள்மேல் சுமத்த வேண்டும்? அவர்கள் இந்நாட்டவராய் வாழட்டுமே' என்பர் சிலர். நல்லெண்ணத்தில் சொல்லப்படும் தவறான வாதம் இது. எகிப்தில் உயர்பதவி வகித்த யோசேப்பு எவ்வளவோ எகிப்தியராய் வாழ்ந்தார். எனினும் தம் எலும்புகளைத் தம் மக்களோடு கொண்டுபோகும்படி ஆணையிட்டு இறந்தார். மோசே அதை மறவாமல் எடுத்துச் சென்றார். மீண்ட மக்களுக்கு அது சுமையாகத் தோன்றவில்லை. தாங்கள் யார் என்பதற்குச் சான்றாயிற்று. நாடு கடத்தப்பட்டு நினிவேயில் வாழ்ந்த தோபித்து, கேட்பாரற்றுக் கிடந்த தம் இனத்தாரின் உடல்களை அரசனுக்கு அஞ்சாமல் அடக்கம் செய்தார். தம் மகனிடம் முதலில் கேட்டதும் தம்மை நன்முறையில் அடக்கம் செய்து தாயை மதிக்க வேண்டும் என்பதே. குடியுரிமை கேட்பவர் தம் பெற்றோரை மறுதலிக்கத் தேவையில்லை. அவ்வாறு மறுதலிக்கச் செய்யும் சமூகந்தான் மனந்திரும்ப வேண்டும்.

ஆபிரகாம் சாராவை அடக்கம் செய்ய இத்தியரிடம் நிலம் கேட்டபோது, தாம் அந்நியர் என்பதை மறைக்கவில்லை. அதைச் சொல்லித்தான் தொடங்கினார். நானூறு வெள்ளிக்காசு கொடுத்து அவர் வாங்கிய மக்பேலா குகையே வாக்களிக்கப்பட்ட நாட்டில் அவருக்குச் சொந்தமான முதல் நிலம். ஓர் அந்நியன் ஒரு மண்ணில் வேர்கொள்வது தன் இறந்தோரை அங்கே பெயரோடு அடக்கம் செய்யும்போதுதான். திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1952-இல் புலம்பெயர்ந்தோர் பற்றி வெளியிட்ட ஆவணத்தில், எகிப்துக்கு ஓடிய திருக்குடும்பத்தையே அகதிக் குடும்பங்கள் அனைத்திற்கும் முன்மாதிரியாக நிறுத்தினார். அத்திருக்குடும்பத்தின் படத்தை வீட்டில் மாட்டி வணங்கும் நாம், முகாமிலிருந்து வரும் சவப்பெட்டிக்கு மூலையில் இடம் காட்டுகிறோம்.

பங்குப் பேரவைகளுக்கு நாம் வைக்கும் கோரிக்கை பெரிதன்று. கல்லறைத் தோட்டத்தில் முகாம் மக்களுக்குத் தனி மூலை வேண்டாம்; வரிசையில் அடுத்த குழி போதும். கல்லறைத் திருநாள் திருப்பலியில் அவர்தம் இறந்தோரின் பெயர்கள் ஊர்ப் பெயரோடு வாசிக்கப்படட்டும். பேசாலை, வங்காலை என்ற பெயர்கள் நம் ஆலயத்தில் நாணமின்றி ஒலித்தால், சிலுவையில் அவற்றைப் பொறிக்கும் துணிவு பிள்ளைகளுக்குத் தானே வரும்.

நம் பொருட்டு நாம் செய்யக்கூடியது ஒன்றே இருந்தது. அண்மையில் அப்பழைய பங்கிற்குச் சென்று, இப்போதைய பங்குத்தந்தையின் இசைவோடு பதிவேட்டின் ஓரத்தில் 'பிறந்த ஊர்: பேசாலை' என்று எழுதிக் கையொப்பமிட்டு வந்தோம். சிலுவையில் எழுத நமக்கு உரிமையில்லை, அது மகனுக்குரியது. அவர் இன்னும் எழுதவில்லை. அவர் எழுதலாம் என்ற நிலையை நாம் இன்னும் உண்டாக்கவில்லை.