மூச்சை அடக்காதீர்கள்!

"கடலே இல்லாத அரூரில் பிறந்தவளுக்குக் கடலுக்கு அடியில் என்ன வேலை?" என்று கேட்காத உறவுக்காரர்கள் எனக்கு இல்லை. இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு கிணற்றில் நீச்சல் பழகியவள்தான் நான். பிற்பாடு அந்தமானில், 2018 முதல் ஸ்வராஜ் தீவு என்று அழைக்கப்படும் ஹேவ்லாக்கில், சில வருஷங்கள் 'ஸ்கூபா' முக்குளிப்பு கற்றுக் கொடுத்தேன்.

ஸ்கூபா ஒன்றும் மாய மந்திரம் இல்லை, சகோதரிகளே. முதுகில் ஒரு சிலிண்டர், வாயில் ஒரு குழாய். சிலிண்டரில் சுத்தமான பிராணவாயு இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். நாம் சமையலறையில் சுவாசிக்கும் அதே காற்றைத்தான் அழுத்தி அடைத்திருக்கிறார்கள். 1943-ல் பிரான்ஸில் கூஸ்தோ, காக்னான் என்ற இருவர் உருவாக்கிய கருவி இது.

முதல் பாடம்: மூச்சை அடக்கவே கூடாது! கிணற்றில் மூச்சடக்கித்தானே முங்குகிறோம் என்பீர்கள். அது மேலே இழுத்த மூச்சு. 10 மீட்டர் ஆழத்தில் தண்ணீரின் அழுத்தமும் சேருவதால், அங்கே சிலிண்டரிலிருந்து இழுக்கும் காற்று மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும். வெளியே விடாவிட்டால் நுரையீரலே கிழிந்துவிடும்.

அடுத்தது காது. இறங்க இறங்க, மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதிக் காதுக்குள் அழுத்தத்தைச் சமன் செய்ய வேண்டும். ஜலதோஷம் இருந்தால் அது நடக்காது. ஆகவே சளி பிடித்த குழந்தையைக் கிணற்றில் முக்குளிக்க விடாதீர்கள். கர்ப்பிணிகளுக்கு ஸ்கூபா அறவே கூடாது.

ஒருமுறை இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான ஒரு தமிழ்ப் பெண் வந்தாள். மூன்று மீட்டர் இறங்குவதற்குள் கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள். கரையில் அதற்கு 'பேஷ்!' என்று அர்த்தம். தண்ணீருக்குள்ளோ 'மேலே போகலாம்' என்று அர்த்தம். உடனே கையைப் பிடித்து மேலே அழைத்து வந்தேன். நீளமாக மூச்சு விடச் சொன்னேன். அவளே, "இன்னொரு தடவை பார்க்கலாங்க்கா" என்றாள். இந்தத் தடவை பவளப் பாறையும் மீன் கூட்டமும் பார்த்துவிட்டே திரும்பினாள். கரையேறியதும் சொன்னாள்: "கல்யாணமாகிப் பதினஞ்சு வருஷத்துல, யாரும் என்னைக் கூப்பிடாம அரை மணி நேரம் இருந்தது இன்னிக்குத்தாங்க்கா!"

சிலிண்டரே இல்லாமல் முங்கும் பெண்களும் நம் தமிழ்நாட்டில் உண்டு. மன்னார் வளைகுடாவில் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி, கடற்பாசி எடுக்கிறார்கள். அவர்களில் ஒருவரான லட்சுமி மூர்த்திக்கு 2015-ல் 'சீகாலஜி' என்ற சர்வதேச விருது கிடைத்தது.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்கிறீர்களா? நம் பக்கம் கடல் இல்லை. ஆனால் கிணறும் ஏரியும் தென்பெண்ணையும் இருக்கின்றன. கோடை விடுமுறை வந்தால் பிள்ளைகள் அங்கேதான் ஓடுகிறார்கள். ஒரு குழந்தை தத்தளித்தால், நீச்சல் தெரியாதவர் குதிக்க வேண்டாம். கயிறோ, புடவையோ, நீளக் கழியோ வீசுங்கள். கரையில் போட்டபின் தலைகீழாகத் தூக்குவதும் வயிற்றை அமுக்குவதும் தப்பு. மூச்சு இல்லையென்றால் வாயோடு வாய் வைத்து ஊதி, நெஞ்சை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். இன்னொருவர் 108-க்குப் போன் செய்யட்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக நீச்சல் கற்றுக் கொடுங்கள், பெண் குழந்தைகளுக்கும்தான்! "வயசுக்கு வந்த பொண்ணுக்குக் கிணறு எதுக்கு?" என்று பேசிப் பேசியே பாதிப் பெண்களைக் கரையில் நிறுத்திவிட்டோம். பையன் தவறி விழுந்தால் கரையேறுவான், பெண் முழுகட்டும் என்று எந்தத் தாயாவது நினைப்பாளா? இந்தக் கோடையிலேயே, நீச்சல் தெரிந்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க, ஆரம்பித்துவிடுங்கள். மகளோடு நீங்களும் இறங்கினால் இன்னும் நல்லது.