அப்பத்தாவின் 40 வீதம்



சன் டிவியின் ‘எதிர்நீச்சல்’ நாடகத்தை நம் லயங்களில் பார்க்காதவர் குறைவு. படித்த மருமகள்மாரைக் குசினியோடு அடக்கி வைத்திருக்கும் ஆதி குணசேகரன், சொத்தில் 40 வீதம் அப்பத்தாவின் பெயரில் இருப்பது தெரிந்து ஆடிப்போகும் கட்டம் நினைவிருக்கிறதா? மூலையில் கிடந்த அப்பத்தாவுக்கு அதன் பிறகுதான் அந்த வீட்டில் பேச்சு எடுபட்டது. பெயர் பத்திரத்தில் இருந்தால்தான் மரியாதை என்பதை நாடகம் சரியாகவே காட்டியது.

ஆனால் ஒரு குறை. அப்பத்தாவின் பலம் குடும்பச் சொத்தில் வந்தது. நமக்கு யார் சொத்து எழுதிவைத்தார்கள்? ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் 1984இல் கிடைத்தது போராட்டத்தால்தான்.

கொழுந்து எடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். செக்ரோலில் அவர்கள் பெயர் இருக்கிறது. குடியிருக்கும் லயத்துக்கோ உறுதி இல்லை. வீட்டுத் திட்டத்தில் காணி தரும்போது உறுதி யார் பெயரில் எழுதப்படுகிறது? கணவன், மனைவி இருவர் பெயரும் அதில் இருக்க வேண்டும். அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக்குவோம்.

அதற்குக் கை தூக்காத ஆண்கள், டிவி முன்னால் இருந்து குணசேகரனைத் திட்டி என்ன பயன்?