நிற்கக் கூடாத இடத்தில் நின்றால்...

பிள்ளை வயதுக்கேற்ற வளர்ச்சி பெறாவிட்டால் நம் இல்லங்களில் முதற்பழி தாயின் மீதே விழுகிறது. "கர்ப்பக் காலத்தில் ஒழுங்காக உண்ணவில்லை" என்பார்கள். ஆனால், பெற்றோர் இருவரும் அறியாமலே சுமந்து வந்த மரபணுப் பிழையாலும் இக்குறை நேரலாம். அதற்கொரு சான்றை இம்மாதம் காண்போம்.

செலினியம், உணவு வழியாக மிகச் சொற்ப அளவில் நமக்குத் தேவைப்படும் தனிமம். அதைக் கொண்டு உடலில் உருவாகும் புரதங்களுக்கென 25 மரபணுக்கள் உள்ளன. தைராய்டு சுரப்பை உடல் பயன்படுத்தும் வடிவுக்கு மாற்றும் நொதிகளும் இப்புரதங்களைச் சேர்ந்தவையே.

திருக்குர்ஆன் ஓதுகையில் வக்ஃபுக் குறி கண்டு நிறுத்துகிறோம். 'லா' என்ற குறியிருந்தால் நிறுத்தாமல் தொடர்கிறோம். மரபணுச் செய்தியிலும் நிறுத்தக் குறி உண்டு. அதைக் கண்டதும் புரதம் கட்டும் பணி முடிந்துவிடும். செலினியப் புரதங்களில் மட்டும், "நிறுத்தாதே, செலினியம் கொண்ட அமினோ அமிலத்தை இங்கே சேர்த்துத் தொடர்" என உணர்த்தும் வேறோர் அடையாளமும் அச்செய்தியிலேயே அமைந்திருக்கிறது. படைத்தவனின் நுட்பந்தான் என்னே! அவ்வடையாளத்தை இனங்காண எஸ்.பி.பி.-2 என்னும் புரதம் வேண்டும். அதன் மரபணு பழுதுபட்டால், பணி பல நேரங்களில் பாதியிலேயே நின்றுவிடுகிறது.

சவூதி அரேபியாவின் பாலைவன அரபுக் குடும்பம் ஒன்றில் உயரம் குன்றிய பிள்ளைகளிடம் இப்பழுது இருந்ததை, அமெரிக்காவின் சிக்காகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005-ல் வெளியிட்டனர். மரபணுவில் ஓரெழுத்து மாறியிருந்தது, அவ்வளவே. செலினியம் மாத்திரை கொடுத்தபோது இரத்தத்தில் செலினியம் கூடியது. தைராய்டுக் குறையோ நீங்கவில்லை. படிப்பவனே தவறும்போது ஏட்டைப் பெருக்கி என்ன பயன்? வளர்ச்சிக்குத் தேவையான தைராய்டு மருந்தை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

இந்நோய்க்குத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுபட்ட மரபணு வந்து சேர வேண்டும். அவர்களோ நலமாகவே இருப்பார்கள். ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. நெருங்கிய உறவில் மணம் முடிப்போரிடம் ஒரே பிழை இருபுறமும் அமைவது எளிது. மார்க்கம் அத்திருமணத்தை அனுமதித்துள்ளது, கட்டாயமாக்கவில்லை. குடும்பத்தில் இத்தகைய குறையிருப்பின், நிச்சயம் செய்யுமுன் மரபணு மருத்துவரை நாடுவது விவேகம்.

நோய்க்கு மருந்து தேடும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்கு ஏவியுள்ளார்கள். தாயைப் பழிக்கும் நாவை அடக்கி, பிள்ளையை மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். வல்ல அல்லாஹ் நம் மழலைகளுக்கு நலம் அருள்வானாக! ஆமீன்.