செயலமர்வு முடிந்த பின் எஞ்சும் வலையமைப்பு

போருக்குப் பின்னரான வடக்கு, கிழக்கில் ‘வலையமைப்பு’ என்ற சொல்லைக் கேட்டாலே பலருக்குச் சலிப்பு வருகிறது. இரண்டு நாள் செயலமர்வு, சான்றிதழ், குழுப்படம், ஒரு வட்ஸ்அப் குழு. செயற்றிட்டம் முடிந்ததும் குழுவும் அடங்கிவிடும். அந்தச் சலிப்போடுதான், ஐரோப்பாவின் இளம் சமூக முயற்சியாளர்களை நாடுகளைக் கடந்து இணைக்க எடுக்கப்படும் முயற்சிகளை நான் கவனித்து வருகிறேன். இலாபத்துக்காக மட்டுமன்றி, ஒரு சமூகத் தேவையைத் தீர்ப்பதற்காகத் தொழில் நடத்துபவர்களையே சமூக முயற்சியாளர்கள் என்கிறார்கள். அங்கும் மாநாடுகளுக்குக் குறைவில்லை. ஆனால், சில இடங்களில் மாநாட்டைத் தாண்டியும் ஏதோ நடந்திருக்கிறது.

எங்களுக்கு நெருக்கமான உதாரணம் மேற்கு பால்கன். 1990களின் போர்களில் சிதறிய பிராந்தியம் அது. அல்பேனியா, பொஸ்னியா ஹெர்சகோவினா, கொசோவோ, மொன்டெனேகுரோ, வட மசிடோனியா, சேர்பியா ஆகிய ஆறு தரப்புகளும் 2016இல் பிராந்திய இளைஞர் ஒத்துழைப்பு அலுவலகத்தை உருவாக்கின. பிரான்சும் ஜேர்மனியும் 1963இல் அமைத்த இளைஞர் அலுவலகமே அதற்கு முன்மாதிரி. கொசோவோவை சேர்பியா இன்றுவரை தனி நாடாக ஏற்கவில்லை. இருந்தும் இரண்டும் ஒரே சபையில் அமர்கின்றன. அங்கே அரச பிரதிநிதிகளோடு இளைஞர் தரப்பின் பிரதிநிதிகளுக்கும் ஆசனம் உண்டு.

இந்த அலுவலகம் இளம் சமூக முயற்சியாளர்களுக்கான ‘ரைஸ்’ என்ற திட்டத்தையும் நடத்தியது. நல்லிணக்க முகாமுக்கு அழைத்துக் கையைக் கோர்த்துப் பாடச் சொல்வதைவிட, ஒருவரோடொருவர் தொழில் பழகச் செய்வது நேர்மையான வழி என்றே எனக்குப் படுகிறது. ஆனால், ரைஸுக்குப் பிரெஞ்சு அபிவிருத்தி முகவரகத்தின் நிதி தேவைப்பட்டது. அந்த வகையில் அதன் கதை எங்களுக்குப் புதிதல்ல.

ஐரோப்பிய ஒன்றியம் 2009 முதல் நடத்தும் ‘இளம் தொழில் முயற்சியாளர்களுக்கான எராஸ்மஸ்’ வேறு வகையானது. புதிதாகத் தொழில் தொடங்குபவர் இன்னொரு நாட்டு அனுபவசாலியிடம் ஒன்று முதல் ஆறு மாதம் வரை தங்கி வேலை பழகலாம். சமூக முயற்சிகளுக்கும் இடமுண்டு. பெயரில் இளமை இருந்தாலும் வயதெல்லை கிடையாது.

நிலைத்து நின்றதைப் பார்க்க இத்தாலிக்குப் போக வேண்டும். திரியெஸ்தே நகரின் மனநல வைத்தியசாலையில் நோயாளிகள் ‘சிகிச்சை’ என்ற பெயரில் கூலியின்றித் துப்புரவு வேலை செய்துவந்தார்கள். 1972இல் அவர்களே ஒரு கூட்டுறவுச் சங்கமாகி, அதே வேலையை ஒப்பந்தத்தில் எடுத்துச் சம்பளம் பெற்றார்கள். இத்தகைய சங்கங்கள் நாடெங்கும் முளைத்தன. 1991இல்தான் 381ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அதன்படி, வேலைவாய்ப்புக்கான சமூகக் கூட்டுறவில் குறைந்தது 30 வீதத் தொழிலாளர் மாற்றுத்திறனாளிகள் போன்ற பின்தள்ளப்பட்டவர்களாக இருக்க வேண்டும். அவர்களுக்கான சமூகப் பாதுகாப்புக் கட்டணத்தில் சங்கத்துக்கு விலக்கு உண்டு. முதலில் நடைமுறை, பிறகு சட்டம். இந்த ஒழுங்கைக் கவனியுங்கள்.

பிரேஷியா நகரில் 1983இல் இச்சங்கங்கள் ஒரு கூட்டமைப்பு அமைத்தன. எங்கள் ஊரில் சமாசம் என்போமே, அதுதான். அவர்கள் பின்பற்றிய முறைக்கு ‘ஸ்ட்ரோபெரித் தோட்டம்’ என்று பெயர். ஸ்ட்ரோபெரிச் செடி பருத்து மரமாவதில்லை. கொடி ஓடவிட்டுப் பக்கத்தில் இன்னொரு செடியை வேர்கொள்ளச் செய்கிறது. அதுபோலவே சங்கமும் அளவுக்கு மீறிப் பெருக்காமல், ஆட்களையும் அனுபவத்தையும் கொடுத்து அயலில் புதிய சங்கத்தைத் தொடங்கிவைக்கும். உறுப்பினர்கள் முகம் தெரிந்தவர்களாகவே இருப்பார்கள். சிறிய சங்கம் தனியாகத் தாங்க முடியாத கணக்கு வேலை, பயிற்சி, பெரிய அரச ஒப்பந்தங்களுக்கான பேச்சு எல்லாம் கூட்டமைப்பின் பொறுப்பு. வேலையும் ஒப்பந்தமும் பொதுவாக இருப்பதால் கலைந்து போவது அவர்களுக்கு நட்டம்.

வடக்கில் கடற்றொழிலாளர் சங்கங்களும் சமாசங்களும், பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்களும் போரைத் தாண்டி இன்னும் இருக்கின்றன. நிதி வழங்குநர்களின் பட்டியலில் இவற்றைவிடப் புதிதாகப் பதிந்த அமைப்புகளே முன்னுக்கு நிற்பது எனக்குப் புரியாத விடயம். பாரிஸிலும் சூரிச்சிலும் ஒஸ்லோவிலும் வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்கு ஐரோப்பாவின் இந்த அனுபவங்கள் அருகிலேயே கிடக்கின்றன. ஊருக்கு அவர்கள் அனுப்புவதோ பெரும்பாலும் அன்பளிப்பு. முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவருக்குச் சக்கர நாற்காலி, கணவரை இழந்தவருக்குத் தையல் இயந்திரம். அவை தேவையில்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால், அந்த இயந்திரத்தில் தைத்ததை மூன்று வருடம் தொடர்ந்து வாங்குகிறோம் என்று ஒப்பந்தத்தோடு வந்த புலம்பெயர் இளைஞர் ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.