தோளில் போட்ட ஊசியும் 36 மாதக் கெடுவும்

சாப்பாட்டுக் கடையில் ரொட்டி சானாய் போடுபவர், பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் சமைப்பவர், உணவுத் தொழிற்சாலையில் கைவேலை செய்பவர். நம் குடும்பங்களில் இப்படி ஒருவராவது இருப்பார். இவர்கள் டைபாய்டு தடுப்பூசி போட்டாக வேண்டும் என்கிறது 2009-ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிமுறை. ஊசி போடாவிட்டால் வேலை இல்லை. சரி, அந்த ஊசியால் தோள் கெட்டுப்போனால் யார் பொறுப்பு?

தடுப்பூசியே வேண்டாம் என்பதல்ல நம் வாதம். பிள்ளைகளுக்கும் போடுங்கள், நீங்களும் போடுங்கள். ஊசி போட்ட இடம் ஓரிரு நாள் வலிப்பதும் சகஜம்தான். நாம் பேசுவது வேறு. கையின் மேல்தசையில் இறங்க வேண்டிய ஊசி, தோள் எலும்பின் முனையை ஒட்டி மிக உயரத்தில் குத்தப்பட்டால், மருந்து மூட்டைச் சுற்றியுள்ள பகுதிக்குள் போய் வீக்கத்தை உண்டாக்கும். பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் வலி தொடங்கிவிடும். கை தலைக்கு மேல் போகாது. சிலருக்கு இது மாதக்கணக்கில் நீடிக்கிறது. தலை வார முடியாதவர் மாவு பிசைவது எப்படி? இங்கே தவறு மருந்தில் இல்லை, குத்திய இடத்தில் இருக்கிறது.

அமெரிக்காவில் 2017 முதல் இந்தத் தோள் காயம் அரசாங்கத்தின் தடுப்பூசி இழப்பீட்டுப் பட்டியலிலேயே இருக்கிறது. 48 மணி நேரத்துக்குள் வலி வந்தது போன்ற நிபந்தனைகளைக் காட்டினால் போதும். ஊசி போட்டவரின் தவற்றை நிரூபிக்க வேண்டியதில்லை.

இங்கே? கோவிட் தடுப்பூசிக்காக 2021-இல் சிறப்பு நிதியுதவி அறிவித்தார்கள். கடுமையான பாதிப்பால் நீண்ட நாள் மருத்துவமனையில் கிடந்தவருக்கு 50,000 வெள்ளி வரை, நிரந்தர ஊனம் அல்லது மரணம் என்றால் 500,000 வெள்ளி. வார்டில் படுக்காமல், ஆறு மாதம் கை தூக்க முடியாமல், சம்பளத்தை இழந்தவர் இந்த இரண்டிலும் சேரமாட்டார். அவருக்கு மிஞ்சுவது கவனக்குறைவு வழக்குதான்.

அதற்குக் கெடு உண்டு. அரசாங்க கிளினிக்கில் போட்ட ஊசி என்றால், 1948-ஆம் ஆண்டு பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டப்படி 36 மாதத்துக்குள் வழக்கு பதிவாக வேண்டும். தனியார் கிளினிக் என்றால், தீபகற்பத்தில் 6 ஆண்டு. புகார்க் கடிதம் எழுதிவிட்டதால் கெடு நின்றுவிடாது. “மேலிடத்தில் பேசுகிறோம்” என்று கோப்பை வாங்கிக்கொண்டு போகும் அரசியல்வாதிக்காகவும் நிற்காது. அந்தக் கோப்பு எந்த மேசையில் தூங்கும் என்பது நமக்குத் தெரியாததா!

வழக்கு சுலபம் என்று உங்களை ஏமாற்ற மாட்டோம். 1982-இல் விபத்தில் சிக்கி, அறுவை சிகிச்சைக்குப் பின் உடல் செயலிழந்த ஒரு பெண்ணின் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2006 டிசம்பரில். 24 ஆண்டுகள்! ஆபத்துகளை நோயாளியிடம் எந்த அளவு சொல்ல வேண்டும் என்பதை டாக்டர்கள் மட்டுமே முடிவு செய்ய முடியாது என்றது அத்தீர்ப்பு. ஆனால் சிகிச்சை செய்த விதம் சரியா என்பதில் மருத்துவர்களின் கருத்துக்கே எடை அதிகம் என்று 2017-இல் அதே நீதிமன்றம் கூறியது. ஆக, உங்கள் பக்கம் பேச ஓர் எலும்பு நிபுணர் தேவை. அவர் பேச, தாள் தேவை.

ஆகவே வலி குறையவில்லை என்றால் அதே வாரம் கிளினிக்குக்குத் திரும்பிப் போங்கள். ஊசி போட்ட தேதி, எந்தக் கை, வலி எப்போது தொடங்கியது என்பதை அட்டையில் எழுதச் சொல்லுங்கள். ஊசித் தழும்பு தெரியும்போதே கைத்தொலைபேசியில் படம் எடுங்கள். “சும்மா வலிதான், பெனடோல் போடுங்க” என்று அனுப்பினால், ஸ்கேன் எடுக்க நிபுணருக்குக் கடிதம் கேளுங்கள். பக்க விளைவை என்.பி.ஆர்.ஏ. எனப்படும் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்துக்கு நோயாளியே புகார் செய்யலாம். எம்.சி., சம்பளச் சீட்டு, பேருந்துக் கட்டணம் வரை ஒரு பையில் சேருங்கள்.

வேலைக்காகச் சட்டமே கட்டாயப்படுத்தும் ஊசிக்கு, தவற்றை நிரூபிக்கத் தேவையற்ற இழப்பீட்டுத் திட்டத்தை அரசாங்கம் கொண்டுவர வேண்டும். அதை நாம் கேட்டுக்கொண்டே இருப்போம். அதுவரை, வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்துக்கு அந்தப் பையோடு போங்கள். முதல் கேள்வியாக, உங்கள் கெடு எந்தத் தேதியில் முடிகிறது என்று கேளுங்கள்.