செத்தது மாவா, நமது பொறுமையா?



வீட்டில் புளிமாப் பாண் சுடத் தொடங்கியதிலிருந்து நமக்கு ஒரு புதுப் பழக்கம் வந்திருக்கிறது. மாவும் தண்ணீரும் கலந்து போத்தலில் வைக்கிறோம். மூன்றாம் நாள் பொங்கினால் படம் எடுத்துப் போடுகிறோம். ஐந்தாம் நாள் அடங்கிவிட்டால் "செத்துப் போச்சு" என்று ஊற்றிவிட்டு, கடை ஈஸ்ட் பக்கெட்டை உடைக்கிறோம்.

யார் சொன்னது செத்தது என்று? முதலில் பொங்கியது பெரும்பாலும் ஈஸ்ட்டின் வேலையே அல்ல. மாவில் இருந்த சில பக்டீரியாக்கள் விட்ட வாயு அது. புளிப்பு ஏற ஏற அவை அடங்கிவிடும். புளிப்பைத் தாங்கும் ஈஸ்ட்டும் லக்டிக் அமில பக்டீரியாவும் அதன் பிறகுதான் பெருகும். அதற்கு ஒரு வாரம், சிலவேளை இரண்டு வாரம் எடுக்கும். வேலை நடக்கிற அந்த நேரத்தில்தான் நாம் ஊற்றிவிடுகிறோம்!

பிரிட்ஜில் வாரக்கணக்காகக் கிடந்து, மேலே கறுத்த தண்ணீர் கட்டியிருக்கிறதா? அது பசி. தண்ணீரை வடித்துவிட்டு, அடியிலிருந்து 20 கிராம் எடுங்கள். 40 கிராம் ஆட்டா மா, 40 கிராம் கொதித்தாறிய தண்ணீர் சேர்த்துக் கலக்கி, வெளியில் வையுங்கள். பொங்கி இறங்கத் தொடங்கிய பிறகு மறுபடியும் அப்படியே செய்யுங்கள். பொங்க முன்னரே அவசரப்பட்டு மாவைக் கொட்டினால் இருக்கிற கொஞ்ச ஈஸ்ட்டும் ஐதாகிவிடும். தொடர்ந்து சில நாட்கள் இரண்டு மடங்காகப் பொங்கினால் பாண் சுடலாம். பூஞ்சணமோ, இளஞ்சிவப்பு, செம்மஞ்சள் நிறமோ கண்டால் மட்டும் யோசிக்காமல் வீசுங்கள்.

"அப்போ சும்மா வைத்தால் சரிதானே" என்று சிலர் கேட்பார்கள். சரியில்லை. தீனி போடாமல் மூலையில் வைப்பதற்குப் பெயர் ஸபர் இல்லை, கவனயீனம்.

இதை எழுதும்போது ஆசிரியர்களாகிய நமக்கே வெட்கமாக இருக்கிறது. வகுப்பில் நாம் இந்த இரண்டு பிழையையும் செய்கிறோம். ஐந்தாம் தரப் புலமைப்பரிசிலில் வெட்டுப்புள்ளி எடுக்காத பத்து வயதுப் பிள்ளையை "இது சரிவராது" என்று முடிவுகட்டிவிடுகிறோம். இல்லாவிட்டால் கடைசி வாங்கில் இருத்தி, "காலம் வந்தால் படிப்பான்" என்று பொறுமைசாலி வேடம் போடுகிறோம். அந்தப் பிள்ளையின் கொப்பியைக் கடைசியாக எப்போது திறந்து பார்த்தோம்? அவனுக்கு விளங்கும் ஒரு கணக்கையாவது கொடுத்தோமா?

உம்மாமாரிடமும் கேட்கிறோம்: பெறுபேறு வந்த அன்று பக்கத்து வீட்டுப் பிள்ளையின் புள்ளியைச் சொல்லிக் காட்டாமல் இருந்தோமா?

போத்தலை இன்றைக்கு ஊற்றாதீர்கள். இன்னும் பத்து நாள் நேரத்துக்குத் தீனி போட்டுப் பாருங்கள். நாங்களும் நாளைக்குக் கடைசி வாங்கிலிருந்து கொப்பி பார்க்கத் தொடங்குகிறோம், இன்ஷா அல்லாஹ்.