தேர் வருகிற தெருவில் இடமில்லையாம்

போன வாரம் இராஜபாளையத்தில் புதிதாகக் கட்டிய ஒரு வணிக வளாகத்துக்கு அம்மாவை அழைத்துப் போனேன். மாடியில் எலும்பு மருத்துவர். அம்மாவுக்கு மூட்டு மாற்று அறுவை முடிந்து இருபது நாள்; கையில் வாக்கர். வளாகத்தில் லிப்ட் இருக்கிறது. ஆனால் வாசலில் நாலு படி ஏறினால்தான் லிப்டைக் கண்ணால் பார்க்க முடியும். வழவழவென்று கிரானைட், பிடித்துக்கொள்ள ஒரு கம்பி கிடையாது. கீழே மருந்துக்கடையில் பிளாஸ்டிக் நாற்காலி இரவல் வாங்கி, நாலு பேர் தூக்கினோம். அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

கட்டடத்துக்காரர் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தார். ஒரு சாய்தளம் வைத்திருக்கக் கூடாதா என்றேன். "அண்ணாச்சி, சட்டத்துல ஆயிரம் இருக்கும். நம்ம ஊர்த் தெருவுக்கு அதெல்லாம் செட் ஆகாது. இடம் எங்க இருக்கு?"

இந்த வசனத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள். வார்டு கவுன்சிலரிலிருந்து கொத்தனார்வரை எல்லாருக்கும் மனப்பாடம். நெருக்கமான ஊர், சின்னக் கடை, வியாபாரி பாவம், வாறுகால் வேறு குறுக்கே போகிறது, ஆகவே சாய்தளம் ஒத்துவராது.

இங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் ஸ்ரீவில்லிபுத்தூர். ஆடிப்பூரத்தன்று ஆண்டாள் தேர் புறப்படுகிறது. தமிழ்நாட்டின் பெரிய தேர்களில் ஒன்று, ஆயிரக்கணக்கானோர் வடம் பிடிக்கிறார்கள். அதற்கு மட்டும் இடம் எங்கிருந்து வந்தது? கடைக்காரர் தகரக் கூரையை மடக்குகிறார். மின்சாரம் நிறுத்தப்படுகிறது, கம்பிகள் அவிழ்கின்றன. குண்டுங்குழியுமான சாலை ஒரே வாரத்தில் சமமாகிறது. மரச் சக்கரக் காலத்தில் நிலைக்கு வர நாள்கணக்கில் ஆகும் என்பார்கள் பெரியவர்கள். இரும்புச் சக்கரம் போட்டபின் ஒரே பொழுதில் சுற்றி வந்துவிடுகிறது. சக்கரத்தை மாற்றவும் தெரிந்திருக்கிறது, தெருவை மாற்றவும் தெரிந்திருக்கிறது. ஓர் ஆள் அகல வீல்சேர் வந்தால்தான் தெரு குறுகிப்போகிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்று கட்டடத்துக்காரருக்குத் தெரியாமலில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-ன் 44-ஆம் பிரிவு, அணுகல் விதிகளுக்கு ஒத்துவராத வரைபடத்துக்கு அனுமதியே தரக்கூடாது என்கிறது. பழைய பொதுக் கட்டடங்களைச் சரிசெய்ய ஐந்தாண்டுக் கெடு. விதிகள் வந்தது 2017 ஜூன், கெடு 2022-லேயே முடிந்தது. 2024 நவம்பரில், ராஜீவ் ரதூரி வழக்கில், அணுகல் தரங்களை வெறும் வழிகாட்டுதலாக வைத்திருந்த விதியையே உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. கட்டாயமான தரத்தை மூன்று மாதத்தில் வகுக்கச் சொன்னது. சட்டத்தை முதல் தடவை மீறினால் அபராதம் அதிகபட்சம் 10,000 ரூபாய். அந்த நாலு படிக் கிரானைட்டுக்கு அதைவிடக் கூடுதலாகவே ஆகியிருக்கும்.

சரி, கணக்கே போடுவோம். ஒரு அங்குல உயரத்துக்கு ஓரடி நீளம் சாய்தளம், 1:12. ஆறு அங்குலப் படி நாலு என்றால் இருபத்துநாலு அடி, மடக்கியும் கட்டலாம். அந்த வளாகத்தின் முன்னால் எட்டு பைக்கும் ஒரு ஜெனரேட்டரும் எல்.இ.டி. போர்டும் நிற்கிற இடம் முப்பது அடிக்குக் குறையாது. பைக் என்றதும் ஞாபகம் வருகிறது: நம் ஊரில் வண்டி ஏற்றச் சரிவு இல்லாத வீடு எது? வாறுகாலை மூடி, தெருவில் மூன்றடி தள்ளி, சிமென்ட் பூசிவிடுகிறோம். அப்போது இடப் பிரச்சினை வரவில்லை, கவுன்சிலரும் கேட்கவில்லை. தேர்தல் வந்தால் வாக்குச்சாவடிப் பள்ளிக்கூடத்தில் ராத்திரியோடு ராத்திரியாகச் சாய்தளம் முளைக்கிறது. ஓட்டுக்கு முளைப்பது ஊசி போடப் போகிற இடத்தில் முளைக்காது.

படி ஏன் நாலாயிற்று? பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டுச் சாலை உயர்கிறது. மழைக்குப் பயந்து வீடு உயர்கிறது. சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு எழுத்திலேயே கொடுத்தார். என் தாத்தா கட்டிய வீட்டில் மூன்று படி ஏறிப் போனோம். இன்று அதே வீட்டுக்குள் ஒரு படி இறங்கிப் போகிறோம். சாலை போடும் ஒப்பந்ததாரர்களைப் பற்றி எழுதினால் இந்தப் பக்கம் போதாது.

சென்னை மெரினாவில் மணலிலேயே வீல்சேர் போக 263 மீட்டருக்குப் பாதை போட்டார்கள், 2022 நவம்பரில். இரண்டு வாரத்தில் மாண்டஸ் புயல் உடைத்தது. மறுபடி சரிசெய்தார்கள். அலை அடிக்கிற இடத்தில் முடிகிறது, டீக்கடைக்குப் பக்கத்தில் முடியாதாம்.

2025-ல் சட்டமன்றம் இன்னொரு வேலை செய்தது: நகராட்சி, பேரூராட்சி எல்லாவற்றிலும் மாற்றுத்திறனாளி ஒருவரை நியமன உறுப்பினராக்கத் திருத்தம். நல்ல காரியம். மன்றக் கூடம் மாடியில் இருக்கிற ஊர்களில் அவரை யார் தூக்கிக்கொண்டு போவார்கள் என்பதை மட்டும் திருத்தத்தில் காணோம்.

அசையும் தேரைத் திருப்பவும் நிறுத்தவும் சக்கரத்தடியில் வைப்பதுதான் முட்டுக்கட்டை. நம் ஆட்கள் சக்கரம் அசைவதற்கு முன்பே வைத்துவிடுகிறார்கள், வைத்துவிட்டுப் பார், நகரவில்லையே என்கிறார்கள். "பேசாம என்னையும் ஆடிப்பூரத்தன்னிக்கே கூட்டிப் போயிருக்கலாம்டா" என்றார் அம்மா, நாற்காலியிலிருந்து இறங்கியதும்.

அடுத்த பரிசோதனை வியாழக்கிழமை. மருந்துக்கடைக்காரர் நாற்காலி தருவதாகச் சொல்லியிருக்கிறார். வடம் பிடிக்க இன்னும் இரண்டு ஆள் குறைகிறது.